கல்வியைச் சாராதவர் எவர்?

நாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்திலே அருகருகாக இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றின்மீது 'உதவி நூலகர்' என்னும் பெயர்ப்பலகை காணப்பட்டது. மற்றதன்மீது பலகை ஏதுமில்லை. அங்கே அமர்ந்திருந்தவரின் பதவிப் பெயர் 'நூலக உதவியாளர்'. சொற்கள் இரண்டேதாம். ஒன்றில் முன்னால் நிற்பது மற்றதிற் பின்னால் நிற்கின்றது, அவ்வளவே. ஆனால், அந்த இடமாற்றத்துக்குள்ளே ஒருவருடைய சம்பளம், விடுமுறை, பதவியுயர்வு, அவர் தேநீர் அருந்தும் இடம், பிறர் அவரை விளிக்கும் முறை யாவும் அடங்கிக் கிடந்தன. உதவி நூலகர் கல்விசார் ஆளணியைச் சேர்ந்தவர். நூலக உதவியாளரோ கல்விசாரா ஊழியர்.

மாணவராயிருந்த காலத்தில் இப்பாகுபாட்டை நாம் பொருட்படுத்தியதில்லை. காற்றைப்போல அது எங்கும் இருந்தது. எங்கும் இருப்பது கண்ணிற் படுவதில்லை. இன்று அதனைப்பற்றி எழுதத் தூண்டியது ஒரு பழைய கடன். அக்கடனைச் சொல்லுமுன் இவ்வமைப்பைச் சற்று விளக்குதல் நன்று.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் நமது பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் ஆளப்படுவன. அங்கு உழைப்போர் பல படிகளாக வகுக்கப்பட்டுள்ளனர். கல்விசார் ஆளணியிலே சிரேஷ்ட பேராசிரியர் தொடங்கிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், இரு தரத்துச் சிரேஷ்ட விரிவுரையாளர், விரிவுரையாளர், தகுதிகாண் விரிவுரையாளர் எனப் படிகள் இறங்குகின்றன. பதிவாளர், நிதியாளர், அவர்தம் உதவியாளர்கள் ஆகியோர் நிருவாகத்தினர். போதனாசிரியர் முதலியோர் கல்விசார் உதவி ஆளணியினர். அறிவுலகின் வாசற்படியில் நிற்பவர்கள். இவர்கள் அனைவருக்கும் கீழே முகாமைத்துவ உதவியாளர், நூலக உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், மின்னியலாளர், தச்சர், சாரதி, தொழிலாளி ஆகியோர் கல்விசாரா ஊழியர் என ஒரே கட்டாகக் கட்டப்பட்டுள்ளனர். சம்பளத் திட்டத்தில் இவ்வகைகளுக்கு ஆங்கில எழுத்துக் குறியீடுகளும் உண்டு. 'யூ ஏசி' என்றால் கல்விசார் சேவை. 'யூ பிஎல்' என்றால் ஆரம்ப நிலை.

பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன என்பதும் உண்மையே. எழுதுவினைஞர் முகாமைத்துவ உதவியாளரானார். ஆயின் முகாமை அவர் கைக்கு வரவில்லை. பியோன் அலுவலக உதவியாளரானார்; ஆயின் அவரை அழைக்கும் மணி மாறவில்லை. சிற்றூழியர் என்ற சொல் மறைந்து ஆரம்ப நிலை என்ற சொல் வந்தது. முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் நாளிலும் ஒருவர் ஆரம்ப நிலையிலேயே நிற்கலாம் என்பதனை அச்சொல் மிக நேர்மையாக ஒப்புக்கொள்கின்றது!

தமிழ் கற்றவர் என்ற முறையில் 'கல்விசாரா' என்னும் தொடரிலே நமக்கு ஒரு தனிக் கவனம் உண்டு. சாரா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒருவர் என்ன செய்கிறார் என்பதனை அது சொல்லவில்லை. என்ன செய்யவில்லை என்பதனையே சொல்கிறது. நமது இலக்கணத்திலே அல் என்னும் எதிர்மறையோடு திணை சேர்ந்து அஃறிணையாயிற்று. உயர்திணை அல்லாதது எதுவோ அது அஃறிணை. கல்லும் மரமும் நாயும் நரியும் தம் இயல்பால் அன்றி, மனிதர் அல்லாமையால் ஒரு வகுப்பாயின. கல்விசாரா என்ற வகுப்பும் அவ்வாறே அமைந்துள்ளது. தச்சரையும் சாரதியையும் நூல் கட்டுபவரையும் இணைக்கும் பொதுப்பண்பு யாது? விரிவுரை நிகழ்த்தாமை ஒன்றே. ஆங்கிலத்திலும் அது 'நொன் அக்கடமிக்', சிங்களத்திலும் 'அனத்யயன'. மும்மொழிகளும் பலவற்றில் முரண்படும் நாட்டிலே, இந்த எதிர்மறையில் மட்டும் அவை மூன்றும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

இவ்வொழுங்கு நேற்று முளைத்ததன்று. 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, ஆங்கிலேயப் பல்கலைக்கழக மரபும் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகப் படிமுறையும் அதனுள் ஒருங்கே குடிபுகுந்தன. அக்காலத்தவர் பல்கலைக்கழகத்தைச் சர்வகலாசாலை என வழங்கினர். சர்வ கலை என்பதனுள் நூல் கட்டும் கலை அடங்காதா, ஆய்வுகூடக் கண்ணாடிக் குழாயை உருக்கி வளைக்கும் கலை அடங்காதா என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதிகாரத்தின் பங்கீடும் இவ்வாறே. பல்கலைக்கழகத்தை நடத்தும் அவைகளுள் முதன்மையானவை பேரவை, மூதவை, பீடச் சபை என்பன. பீடச் சபையிலே மாணவர் தெரிந்தனுப்பும் இருவருக்கு இடமுண்டு. பேரவையிலே வர்த்தகம், கைத்தொழில், நிருவாகம் முதலிய துறைகளிற் பெயர்பெற்ற வெளியார்க்கு இடமுண்டு. ஆனால், கல்விசாரா ஊழியர் தம்முள் ஒருவரைத் தெரிந்தனுப்புவதற்கு இம்மூன்றினும் ஓர் ஆசனமேனும் ஒதுக்கப்படவில்லை. தமது வேலைநேரத்தையும் வேலைத்தலத்தையும் தீர்மானிக்கும் மேசையைத் துடைப்பதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. அதன்முன் அமர்வதற்கு இல்லை.

இனி எமது கடனுக்கு வருவோம்.

2013 இலே இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக ஈழத்துப் பழைய சஞ்சிகைகளில் வெளிவந்த சிறுகதைகளைத் தெரிந்தெடுத்தோம். 1946 இல் வெளிவரத் தொடங்கிய மறுமலர்ச்சி முதலாக 1958 இல் தோன்றிய கலைச்செல்வி ஈறாக எமது எல்லையை வகுத்துக்கொண்டோம். வகுப்பது எளிது, இதழ்களைக் காண்பதே அரிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அதன் பின்னர் பழைய இதழ் ஒவ்வொன்றும் இம்மண்ணில் அரும்பொருளாகிவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் எஞ்சியிருந்தவையும் முன்பின்னாகக் கலந்து, சில அட்டையிழந்து, சில செல்லரித்துக் கிடந்தன.

பெயர்ப்பலகை இல்லாத மேசைக்காரரே எமக்குத் துணைநின்றார். அவரை நாம் அண்ணை என்போம். அவர் எம்மைத் தம்பி என்பார். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் 1995 இடப்பெயர்வு வந்து அவருடைய படிப்பை முறித்தது. பின்னர் நூலகத்தில் வேலை கிடைத்தது. பழுதான நூல்களைக் கட்டுவதும், இதழ்களை ஆண்டுவாரியாக அடுக்குவதும் அவர் கடமை. கோதுமைமாப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு சேர்த்தாற் பூச்சி அணுகாது, எவ்வளவு மிஞ்சினால் தாள் கறுக்கும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். தமிழிலக்கியத்துக்குரிய 894.811 என்ற எண்ணின் கீழ் எந்த நூல் தவறாக நுழைந்திருந்தாலும் அதனை இழுத்தெடுத்து உரிய தட்டிற் சேர்ப்பார்.

ஒருநாள் மேசை இழுப்பறையிலிருந்து மூன்று சீ.ஆர். கொப்பிகளை எடுத்து எம்முன் வைத்தார். இதழ்களைக் கட்டும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் புரட்டி, கதையின் பெயர், எழுதியவர் பெயர், மலர், இதழ், பக்கம் என நிரல்நிரலாக எழுதி வைத்திருந்தார். புனைபெயர் எவருடையது என்று தெரிந்தவிடத்துச் சிவப்பு மையாற் குறிப்பு. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. எவரும் அதனை அவரிடம் கேட்கவில்லை. எவரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

"தம்பி, உதுகளை நான் கட்டேக்கை எழுதி வைச்சனான். ஆருக்கும் உதவுமெண்டால் நல்லதுதானே. கொண்டுபோய்ப் பாத்திட்டுத் தாருங்கோ," என்றார்.

கொண்டுபோனோம். பார்த்தோம். பிரதிசெய்தோம். எமது ஆய்வேட்டின் பின்னிணைப்பாக அந்த அட்டவணை இடம்பெற்றது. பரீட்சகர்கள் அதனையே சிறப்பாகப் பாராட்டினர் என்று பின்னர் அறிந்தோம். நன்றியுரையிலே மேற்பார்வை செய்த பேராசிரியரைப் பட்டங்களோடு குறிப்பிட்டோம், விரிவுரையாளர்களைக் குறிப்பிட்டோம், பெற்றோரையும், தட்டச்சுச் செய்த நண்பரையுங்கூட மறக்கவில்லை. கடைசி வரியிலே 'நூலக ஊழியர்களுக்கும்' என்று எழுதி முடித்தோம்.

ஏமாற்றும் எண்ணம் எமக்கு இருந்ததா? இல்லை என்றே இன்றும் நம்புகிறோம். அதனினும் கேடான ஒன்று நடந்தது. ஒரு நூலக உதவியாளர் ஆராய்ச்சி செய்திருக்க முடியும் என்ற எண்ணமே எம் உள்ளத்தில் எழவில்லை. அவர் தந்ததை உதவி என்று கொண்டோம்; ஆய்வு என்று கொள்ளவில்லை. அவர் பதவிப் பெயரிலேயே உதவி இருந்ததல்லவா? அவ்வகுப்பு அவரை மட்டும் சிறுமைப்படுத்தவில்லை; எமது கண்ணையும் மறைத்திருந்தது.

பெற்ற பெறுபேற்றினால் ஓராண்டுக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளராக நியமனம் கிடைத்தது. நியமனம் பெற்ற முதல்நாள் நூலகத்துள் நுழைந்தோம். எம்மைக் கண்டதும் அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். "வாங்கோ சேர்" என்றார்.

நேற்றுவரை தம்பி, இன்று சேர். இடையிலே நிகழ்ந்தது ஒரு கடிதத் தாள். அப்போதே, "என்னண்ணை இது, தம்பி எண்டே கூப்பிடுங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னோமில்லை. அந்தச் சொல் இனித்தது என்பதே உண்மை.

துறையிலே தேநீர் வேளை வரும். அலுவலகத்து அக்கா ஒருவர் தேநீர் தயாரிப்பார். எமக்கெல்லாம் பீங்கான் கோப்பை. அவருக்கும் வாயிற்படியில் நிற்கும் தொழிலாளிக்கும் வேறு பாத்திரம். நாம் அமர்ந்து குடிப்போம். அவர்கள் நடைவழியில் நின்று குடிப்பார்கள். இப்படிச் செய்க என எந்தச் சுற்றறிக்கையும் கூறவில்லை. 1960களின் பிற்பகுதியிலே வடபகுதித் தேநீர்க் கடைகளின் தனிக்குவளை வழக்கத்தை எதிர்த்துத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராடிய வரலாற்றை அதே அறையிலிருந்தே மாணவருக்குக் கற்பித்தோம். கற்பித்துவிட்டு வந்து பீங்கான் கோப்பையை எடுத்தோம்.

ஓராண்டு முடிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, நூலக அட்டையும் செல்லாதாயிற்று. வாசலிலே தயங்கி நின்றபோது அண்ணைதான் அழைத்தார்: "தம்பி, ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை வந்து இருங்கோ." தம்பி என்ற சொல் அன்று எம்மைச் சுட்டது. பதவி போனதை அவரும் நினைவூட்டுகிறாரே என்று மனம் நொந்தோம். உள்ளே வந்து அமரும்படி கூறியவர் அவர் ஒருவரே என்பதை உணர்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

பின்னர் பாடசாலை ஆசிரியராகினோம். எமது சேவையிலும் தரங்கள் உண்டு. மூன்றாந் தரத்திலிருந்து முதலாந் தரம்வரை எண்ணும் எழுத்துமாகப் பல படிகள். 1997 இலிருந்து நீடித்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலை முதல் ஒக்டோபர்வரை நாடெங்கும் ஆசிரியரும் அதிபரும் போராடியபோது நாமும் இணையவழிக் கற்பித்தலினின்று விலகி நின்றோம். பிள்ளைகளின் படிப்பைப் பாழாக்குகிறார்கள் என்று அன்று நம்மைப் பழித்தோர் பலர். பழி எமக்கு வலித்தது. அதற்கு முன்னர், மாணவராயிருந்த 2012 இல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரிப் பல்கலைக்கழக ஆசிரியர் நூறு நாள் அளவாக வேலைநிறுத்தம் செய்தனர். அப்போதும் அவர்கள் பக்கமே நின்றோம். எனவே, போராட்டம் என்பது யாதென நாம் அறியாதவர் அல்லோம்.

அப்படியிருந்தும், 2024 மே மாதத்திலே சம்பளக் கோரிக்கைகளை முன்வைத்துப் பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நாம் என்ன சொன்னோம்? எம்மிடம் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் தொலைபேசியில் முறையிட்டான்: "சேர், எங்கடை சோதினை பிந்துது." நாம் கூறிய மறுமொழி: "உவங்களுக்கு வேறை வேலையில்லை."

உவங்கள்! தொலைபேசியை வைத்த பின்னர் அச்சொல் எம் காதிலேயே ஒலித்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எம்மைப்பற்றிப் பிறர் கூறிய அதே சொல். அண்ணையும் அந்த உவங்களுள் ஒருவர் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அக்காலத்தில் நடந்தவற்றைக் கருதுங்கள். நூலகங்கள் பூட்டப்பட்டன. ஆய்வுகூடங்கள் திறக்கவில்லை. பரீட்சைகள் பின்தள்ளப்பட்டன. பேராசிரியர் இருந்தார்; மாணவர் இருந்தார்; ஆயினும் கல்வி நகரவில்லை. கல்வியைச் சாராதவர் கையை எடுத்ததும் கல்வி எவ்வாறு நின்றது? இவ்வினாவுக்கு விடை கூறாமல் அச்சொல்லை எவரும் இனிப் பயன்படுத்தல் ஆகாது.

ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழக வாசலுக்குச் சென்றோம். தகரக் கொட்டகையின் கீழ் ஊழியர் அமர்ந்திருந்தனர். அண்ணையும் இருந்தார், தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அமர்ந்து, பத்தாண்டு தாமதித்த ஒப்புதலைச் செய்தோம்: அட்டவணை அவருடையது, பெயர் எழுதாமல் விட்டோம்.

அவர் சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி. உங்கடை ஆய்வேட்டை நான்தானே கட்டினனான்."

நாம் வாயடைத்துப் போனோம். அவரே தொடர்ந்தார்: "கட்டேக்கை வாசிச்சுப் பாத்தனான். வடிவாய்த்தான் பதிச்சிருந்தியள். மூண்டு இடத்திலை இதழ் இலக்கம் பிழை. அதுதான் கொஞ்சம் மனவருத்தம்."

தம் பெயர் இல்லாமை அன்று. இலக்கம் பிழைத்தமையே அவருக்கு மனவருத்தம்! கல்வியைச் சார்தல் என்பதற்கு இதனினும் வேறு இலக்கணம் உண்டோ?

அவருடைய பெயரை இக்கட்டுரையிலாவது எழுத விரும்பினோம். அவர் இணங்கவில்லை. "பேரைப் போடவேண்டாம் தம்பி. நான் இன்னும் சேவிசிலை இருக்கிறன்," என்றார். ஆகவே, கடன் இன்னும் தீரவில்லை. அவர் பெயரை எழுதத் தவறியது அன்று எம் குற்றம்; எழுத முடியாதிருப்பது இன்று அமைப்பின் குற்றம்.

அவரினும் கீழே ஒரு கூட்டம் உண்டு. விடிகாலையில் மண்டபங்களைக் கூட்டும் பெண்களும், இரவில் வாயிலைக் காக்கும் முதியோரும் இப்போது பல இடங்களிற் பல்கலைக்கழக ஊழியரே அல்லர். கேள்விப்பத்திரம் மூலம் ஒப்பந்தம் பெற்ற கம்பனிகளின் ஆட்கள். கம்பனியின் சீருடை, கம்பனியின் நாட்கூலி. ஒப்பந்தம் கைமாறினால் வேலையும் கைமாறும். கல்விசாரா என்ற எதிர்மறைக்குள்ளேகூட இவர்களுக்கு இடமில்லை. கொட்டகையில் நாம் அமர்ந்திருந்தபோதும் அவர்கள் கூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்யும் உரிமைகூட நிரந்தர வேலை உள்ளவருக்கே வாய்க்கிறது.

இங்கே ஒரு வினா எழக்கூடும். எல்லா வேலையும் ஒன்றா? பேராசிரியரையும் சாரதியையும் சமமாக வைப்பதா? தகுதிக்கு மதிப்பில்லையா? நாம் அவ்வாறு கூறவில்லை. தொழிற் பிரிவினை இன்றி எந்தப் பெரிய நிறுவனமும் இயங்காது. நீண்டகாலம் கற்றுப் பெறும் தேர்ச்சிக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால், தொழிலைப் பிரிப்பது ஒன்று. தொழில் செய்யும் மனிதரைப் பிரிப்பது வேறொன்று. சாதியமைப்பை ஆராய்ந்த அம்பேத்கர் 1936 இலேயே இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். பல்கலைக்கழகத்தின் வகுப்பு முறை பிறப்பால் வருவதன்று. ஆதலால் அது சாதி அன்று என்பர். மெய்தான். ஆயின், ஏணியின் நடுவே பலகையடித்து அடைத்துவிட்டால், கீழே நிற்பவருக்கு அது பிறப்பால் அடைபட்டதா விதியால் அடைபட்டதா என்பதில் என்ன வேறுபாடு? ஏழாண்டு சேவைக்கு ஓராண்டு ஆய்வு விடுமுறை பெறும் விரிவுரையாளர் ஒரு கட்டுரையும் எழுதாமல் அதனைக் கழித்தாலும் கல்விசார்ந்தவரே. பத்தாண்டு அட்டவணை தயாரித்தவர் அதனை அச்சேற்றினாலும் கல்விசாராதவரே. தகுதியை மதிக்கும் முறையா இது? வகுப்பை மதிக்கும் முறை என்பதே பொருந்தும்.

நாம் வேண்டுவன பெரியவையல்ல. ஊழியரை அவர் செய்யாததால் அன்றி, செய்வதால் அழையுங்கள்: நூலக ஊழியர், ஆய்வுகூட ஊழியர், பராமரிப்பு ஊழியர் எனப் பெயர்களுக்கா பஞ்சம்? பேரவையிலே அவர்கள் தெரிந்தனுப்பும் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுங்கள். நூலக உதவியாளர் கற்றுத் தேர்ந்து உதவி நூலகராவதற்குச் சேவைக்காலத்திலேயே வழி திறவுங்கள். நிரந்தரமான வேலையைச் செய்பவருக்கு நிரந்தரமான நியமனம் கொடுங்கள். இவற்றைக் கோருவது ஊழியர் சங்கங்களின் வேலை மட்டுமன்று. பல்கலைக்கழகத்திற் படித்தவர், படிப்பிப்பவர் அனைவரதும் கடமையாகும்.

தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் புத்தி சொல்வது ஆசிரியர்க்கு எளிது. எமது பாடசாலையில் நிலைமை யாது? சென்ற ஆண்டு பாடசாலை மலரின் பதிப்பாசிரியர் குழுவில் நாமும் இருந்தோம். ஆசிரியர் பெயர்கள் பட்டங்களோடு இரண்டு பக்கம். அதன் அடியிலே 'கல்விசாரா ஊழியர்' என்ற தலைப்பில் நான்கு பெயர்கள், சிறிய எழுத்தில். அவர்களையும் அவரவர் பணியின் பெயரோடு, மற்றவர்களின் எழுத்தளவிலேயே, ஒரே அகரவரிசையில் அச்சிடலாமே என்று கூட்டத்திற் கூறினோம். அப்படி வழக்கமில்லை என்றார்கள். பட்டம் பெற்ற ஆசிரியர் சிலர் முகஞ்சுளித்தனர். மலர் பழைய ஒழுங்கிலேயே வெளிவந்தது.

இவ்வாண்டும் மலர்க் குழு கூடும். அதே கோரிக்கையை மீண்டும் முன்வைப்போம். இம்முறை தனியாக அன்று. ஆய்வுகூட உதவியாளரும் நூலகப் பொறுப்பிலுள்ளவரும் கூட்டத்துக்கு வந்து தமக்கு வேண்டுவதைத் தாமே கூறுவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். அவர்களுக்கும் அமர்வதற்குக் கதிரை போடவேண்டும் என்பதே எமது முதற் பிரேரணை.